பாசி எண்ண ஒரு மொழி

மரக்காணம் உப்பளத்தில் சில பாத்திகளில் தண்ணீர் செம்மண் கரைத்தாற்போலச் சிவந்து கிடக்கும். அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி. அதை மைக்ராஸ்கோப்பில் எண்ணுவதுதான் புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் எனக்கு வாய்த்த ஆராய்ச்சி. காலையில் பாட்டிலில் தண்ணீர் மொண்டுகொண்டு பஸ் ஏறினால் அனுமந்தை தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன். பிறகு மாலை வரை குனிந்தபடி எண்ணிக்கைதான். தலைவலி நிரந்தரமாகக் குடிவந்துவிட்டது. இந்த வேலையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

2005-இல் லேபுக்கு ஒரு கேமரா வந்தது; கூடவே கம்ப்யூட்டர் படித்த ஜூனியர் ஒருவன். மைக்ராஸ்கோப் மேல் கேமராவைப் பொருத்திப் படம் எடுத்தால், அவன் எழுதும் ப்ரோக்ராம் பாசியை எண்ணிவிடும். நான் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கலாம். அப்படித்தான் பேச்சு.

ஆனால் எந்த மொழியில் எழுதுவது என்று அவன் முடிவுசெய்வதற்குள் என் உயிர் போய்விட்டது. முதலில் மேட்லேப். பத்து வரியில் முடித்துவிடலாம் என்றான். அது இருந்த ஒரே கம்ப்யூட்டர் பக்கத்துத் துறையில், அதில் எப்போதும் ஆள். ஜாவாவுக்குப் போனான். சின்ன விஷயத்துக்கும் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறதே என்று அதிலும் சலித்துப்போனான். பைத்தான்தான் வருங்காலம் என்று யாரோ சொன்னார்கள். அதில் படத்தை எண்களாக வைத்துக் கணக்குப் போட ஏற்கெனவே எழுதிவைத்த இரண்டு ப்ரோக்ராம் தொகுப்புகள் இருந்தன. எது நிலைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லையாம். ஒவ்வொரு முறையும் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பாசியைப் பிரித்து எண்ணுவது எப்படி என்ற உண்மையான சிக்கலை மட்டும் அவன் தொடவே இல்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள், வேகம் என்றால் சி மொழிதான் என்று மறுபடி ஆரம்பித்தான். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

“ஏம்பா, உனக்கு நல்லா வர்றது எது?”

“சி தான்க்கா. காலேஜ்ல இருந்தே அதுலதான் எழுதறேன்.”

“அப்போ அதுலயே எழுதிடு. வருங்காலத்த அப்புறம் பாத்துக்கலாம். என் கண்ணு தாங்காது.”

மழைக்கு முன்பே எழுதி முடித்துவிட்டான். ஒட்டிய பாசிகளைக்கூட ஒருவழியாகப் பிரித்து எண்ணியது. திரையில் எண் வந்ததும் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். விட்டது தொல்லை என்றிருந்தது.

மறுநாள் எங்கள் பேராசிரியர் வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார். என் பழைய எண்ணிக்கையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிடலாம் என்றேன். அந்த ஸ்லைடுகளுக்குப் படமே இல்லையே, எப்போதோ கழுவிவிட்டோமே என்றார்.

“மெஷின் சரியா எண்ணுதான்னு யாராவது எண்ணிப் பாத்துதானேம்மா சொல்லணும்? இப்ப படம் எடுத்த ஸ்லைடு எல்லாத்தையும் நீ ஒரு தடவ மைக்ராஸ்கோப்புல எண்ணிடு.”

ஜூனியர் தரையைப் பார்த்தான். அவன் மேல் தப்பில்லை. எந்த மொழியை எடுத்திருந்தாலும் இந்த ஸ்டூல் எனக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். அழுகை வந்தது. கண்ணில் நீர் இருந்தால் பாசி தெரியாது என்பதால் துடைத்துக்கொண்டு குனிந்தேன்.