இடப்பக்கம் நின்று திட்டவும்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவருக்கு முழுங்கக்கா என்று பெயர். விழுங்க முடியாதவர்களைப் பரிசோதித்து வைத்தியம் பார்ப்பவர். யாராயிருந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், தொண்டையைப் பார்த்துத்தான் பேசுவார். எக்ஸ்ரே அறையில் அவரோடு குப்பை கொட்டுகிறவன் நான். நான் டீ குடித்தால்கூட என் கழுத்தையே உற்றுப் பார்த்து, "எதுக்கு அவசரம், டீ எங்க ஓடியா போகுது?" என்பார். மனுஷன் நிம்மதியாக ஒரு வாய் குடிக்க முடியாது.

அன்று வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பக்கவாதத்தில் தொண்டையின் இடது பாதி செயலிழந்து, மூக்கில் குழாயோடு இருந்தார். விழுங்குவது மூச்சுக்குழாய்க்குள் போகிறதா என்று எக்ஸ்ரே திரையில் பார்ப்போம். இன்றும் தேறாவிட்டால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார்.

வெள்ளை மருந்து கலந்த கூழை அக்கா ஊட்டினார். கரண்டிக்குக் கரண்டி இருமல்.

"இடது பக்கம் திரும்பி முழுங்குங்க. அந்த வழி அடைச்சிக்கும், நல்ல பக்கமா இறங்கும்."

"ஆயுசு முழுக்க ரோட்டை நேரா பாத்தே ஓட்டினவன் நான். இந்தக் கழுத்து திரும்பாது."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. உட்கார்ந்திருப்பதோ நாற்காலியில்!

அவருக்கு இடப்பக்கம், கதிர் படாமலிருக்க ஈய அங்கி மாட்டிக்கொண்டு மனைவி நின்றிருந்தார். புருஷனோடு பேச்சை நிறுத்திப் பல வருஷமாகிறது என்று வரும்போதே சொல்லியிருந்தார். அந்த அம்மாவுக்குத் திடீரென்று பொறுக்கவில்லை.

"எப்படித் திரும்பும்? அன்னைக்கு ஸ்டாப்புல கையைக் காட்டிக்கிட்டு நின்னேனே, திரும்பிச்சா? கட்டின பொண்டாட்டியை விட்டுட்டு பஸ்ஸை ஓட்டிட்டுப் போன மகராசன்தானே!"

டிரைவர் வெலவெலத்துப் போய் இடப்பக்கம் திரும்பினார். வாயிலிருந்த கூழ் சரியான வழியில் வழுக்கிக்கொண்டு இறங்கியதைத் திரையில் பார்த்தோம்.

"இன்னொரு தடவை திட்டுங்கம்மா!" என்று அக்கா கத்தினார்.

"நான் அவரோட பேசறதில்ல."

"பேச வேணாம். திட்டுங்க."

அம்மா யோசித்தார். அதில் நியாயம் இருப்பதாகப் பட்டது போலிருக்கிறது. பஸ்ஸில் ஆரம்பித்து மாமியார் வரைக்கும் போனார். கிண்ணம் காலியாயிற்று.

மருந்துச் சீட்டில் அக்கா எழுதினார்: 'மனைவி இடப்பக்கம் நின்று திட்டவும். வாய்க்கு ஒன்று.' டாக்டர் இரண்டு தடவை படித்துவிட்டு, "வெறும் வயித்துல திட்டலாமா?" என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். சீக்கிரமே மூக்குக் குழாயும் வெளியே வந்தது.

சில மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார்கள். அம்மா வெளியே காத்திருந்தார். டிரைவர் நேராகப் பார்த்தபடியே, கூழைவிடச் சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் ஓடிவிடும் தண்ணீரைக்கூட விழுங்கினார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

"தொண்டை சரியாயிடுச்சு. இனிமே திட்டே தேவையில்ல" என்றார் அக்கா.

டிரைவரின் முகம் தொங்கிப்போனது. கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட சொல்லிடாதீங்கம்மா. மறுபடி பேசாம இருந்துடுவா."

அக்கா அவர் தொண்டையை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார். பிறகு வெளியே போய், "இன்னும் கொஞ்ச காலம் திட்டணும்மா" என்றார்.

"அதுக்கென்ன, நான் இன்னும் கல்யாணத்தன்னைக்கு நடந்ததுக்கே வரலையே!" என்றார் அம்மா.