பன்னக்காவின் அலாரம்

கைபேசி அலறியதும், தெருவே பன்னக்கா என்று கூப்பிடும் பேக்கரிக்காரியின் கை தானாக மேலங்கிப் பைக்குள் போகும். பை காலி. கையை வெளியே எடுத்து, தனக்குத் தானே சிரித்துக்கொண்டு, "எடுங்க, எடுங்க" என்று கணவருக்குக் குரல் கொடுப்பாள். அவர் அடுப்பைத் திறந்து ரொட்டித் தட்டுகளை இழுப்பார்.

அது ரொட்டிக்காக வைத்த அலாரமே அல்ல. பேக்கரி காலூன்றும் வரை குழந்தை வேண்டாம் என்று கல்யாணமான புதிதிலேயே இருவரும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். தினமும் ஒரே நேரத்தில் கருத்தடை மாத்திரை விழுங்குவதற்காக வைத்தது. கடை காலூன்றியது. மாத்திரையை நிறுத்தினாள், கூடவே அலாரத்தையும். மறுநாள் முதல் ஈடு ரொட்டி கரியாகிவிட்டது. மனிதர் அத்தனை காலமும் கடிகாரத்தையே பார்த்ததில்லை, மனைவியின் மாத்திரையை நம்பியே ரொட்டி சுட்டிருக்கிறார்! அலாரம் திரும்ப வந்தது.

கருகிய ரொட்டி மாமியாருக்குச் சகுனமாகிவிட்டது. "அத்தனை மாத்திரையும் உள்ளயே தங்கி கருப்பையைக் காயவச்சிருக்கும்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் புலம்பினார். மாடியில் குடியிருக்கும் என்னையும் விடவில்லை. பன்னக்கா அசரவில்லை. "கடைக்கு லீவு விட்டா அடுப்பு கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா அத்தை? மூட்டினா எரியப்போவுது." டாக்டரிடமும் கேட்டு வந்துவிட்டாள். மாத்திரை உடம்பில் தங்காதாம். சிலருக்கு உடனே கரு நிற்கும், சிலருக்குச் சில மாதம் ஆகும், ஒரு வருடம் தாண்டினால் வந்து பார் என்றாராம். "ஊசி போட்டுக்கிட்டவங்களுக்குத்தான் இன்னும் கொஞ்சம் இழுக்குமாம். நான் மாத்திரைக்காரி" என்பாள், ஏதோ பட்டம் வாங்கியவள் மாதிரி.

எனக்குப் பிடித்ததே அந்தத் திமிர்தான். மாவு மூட்டையைக் கணவர் தொட்டுவிடக் கூடாது. "நகருங்க, அப்புறம் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுவீங்க" என்று தானே தூக்கித் தோளில் போட்டுக்கொள்வாள். அவர் ஒதுங்கி நின்று வழிவிடுவார்.

ஒரே ஒரு தடவை குரல் இறங்கிப் பார்த்திருக்கிறேன். அன்று அவளுக்கு மாதவிலக்கு. மாவைப் பிசைந்தபடியே, "குழந்தை வரும்னு தெரியும்க்கா. ஆனா மாசாமாசம் ஏமாந்து போறப்போ மனசு கேக்க மாட்டேங்குது" என்றாள். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு மாவை மேசையில் ஓங்கி அடித்தாள். "விடுங்க, அடுத்த மாசம் இல்லாமலா போயிடும்?"

இன்று காலை ரொட்டி வாங்கப் போனேன். வாசலில் மாவு மூட்டை இறங்கியிருந்தது. கணவர் வழக்கம்போல ஒதுங்கி நின்றார். பன்னக்கா அசையவில்லை. மூட்டையை நோக்கித் தாடையை ஆட்டினாள்.

"என்ன, இடுப்பு வலியா?" என்றார் அவர்.

இல்லை என்று தலையசைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அவர் விழித்தார். அலாரம் அடித்தது. யாரும் அடுப்புப் பக்கம் போகவில்லை. கடைசியில் மாமியார்தான் ஓடிப்போய்த் தட்டுகளை இழுத்துவிட்டு, கைத்துணியோடு வெளியே வந்தார். மருமகளைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார்.

"மரமண்டை! இன்னுமா புரியல? மூட்டையைத் தூக்குடா!"

பன்னக்கா ஒதுங்கி நின்று கணவருக்கு வழிவிட்டாள்.