ஆர்கன்: வாசித்தவர் தெரியவில்லை

கண்ணாடிக் கடைக்காரருக்கு 'ஜாஸ்தி' என்று பெயர் விழுந்ததில் அவர் வாய்க்குப் பாதிப் பங்கு, கடையில் ஓடும் பாட்டுக்கு மீதிப் பங்கு.

கடைக்கு வருகிறவரை அவர் உயரமான நாற்காலியில் உட்காரவைப்பார். கனமான சோதனை பிரேமை மூக்கில் மாட்டி, லென்ஸ்களை ஒவ்வொன்றாகச் செருகி, எதிர்ச்சுவரில் தொங்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வார். அந்த நேரம் பார்த்து மேசைக்கடியில் இருக்கும் ஸ்பீக்கரில் ஒரு டிரம்பெட், கிணற்றுக்குள் விழுந்து கூப்பிடுவது போல எதிரொலிக்கும். டிரம்ஸ் ஒரு பக்கம் போகும், கிடார் இன்னொரு பக்கம் போகும். சரி, சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள் என்று நினைக்கும்போது எல்லோரும் ஒரே இடத்தில் வந்து கூடுவார்கள். நாற்காலியில் இருப்பவருக்குச் சுவரில் உள்ள எழுத்துகளும் லேசாக ஆட ஆரம்பிக்கும்.

கணக்கு வாத்தியார் ஒருவர் அப்படித்தான் கடைசி வரியில் திணறிக்கொண்டிருந்தார். "என்னங்க இது?" என்று கேட்டார். கேட்டது பாட்டை.

"ஜாஸ்" என்றார் கடைக்காரர்.

டிரம்ஸ் விழுந்த அடியில் வாத்தியாருக்குக் கேட்டது 'ஜாஸ்தி'. தன் கண்ணின் பவரைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்.

"ரொம்ப ஜாஸ்தியா?"

"ரொம்பப் பழசு சார். அந்தக் காலத்துல யாருமே கண்டுக்காம விட்டுட்டாங்க. இப்பத்தான் வெளியில தெரியுது."

"இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?"

"எதுக்குப் பண்ணணும்? கண்ணை மூடிட்டு அப்படியே அனுபவிக்க வேண்டியதுதான்."

வாத்தியார் சோதனை பிரேமோடு எழுந்து தெருவுக்கு ஓடிவிட்டார். அதைத் திரும்ப வாங்க அவர் வீடுவரை போக வேண்டியிருந்தது. கண் ஆஸ்பத்திரியில், கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று சொன்ன பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியதாம். கடைக்காரருக்குப் பெயரும் அன்றைக்கே நிலைத்துவிட்டது.

அவர் இசைக் குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. மூடப்போகும் ஒரு கடையிலிருந்து லென்ஸ் தேய்க்கும் மெஷின் ஒன்றைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கினார். மெஷின் ஆடாமல் இருக்கப் பெட்டிக்குள் காகிதத்துக்குப் பதில் கேசட்டுகளைத் திணித்திருந்தார்கள். யாரோ எங்கெங்கிருந்தோ பொறுக்கிப் பதிவு செய்து வைத்த கலவைக் கேசட்டுகள். பாடியது யார், வாசித்தது யார் என்று ஒரு எழுத்தும் கிடையாது. மேலே 'மழைக்கு', 'பஸ்ஸில் கேட்க', 'அக்காவுக்குக் காட்டாதே' என்று மட்டும் எழுதியிருந்தது. மெஷின் போடும் கிறீச்சலை மறைக்க ஒன்றை ஓடவிட்டார். கிறீச்சலும் பாட்டும் என்னவோ பொருந்திப் போயின. மெஷினை நிறுத்திப் பார்த்தார். பாட்டு இன்னும் நன்றாக இருந்தது. அன்று தேய்க்க வேண்டிய லென்ஸ் எதுவும் தேயவில்லை.

அது 'சைகடெலிக் ஜாஸ் ஃப்யூஷன்' என்று பிறகு தெரிந்துகொண்டார். ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருநாள் கருவிகளை மின்சாரத்தில் செருகி, கேட்கிறவனுக்குத் தலை சுற்றும்படி வாசித்துவிட்டு, ஒரே ஒரு இசைத்தட்டு போட்டு, அது விற்காமல் ஆளுக்கொரு வேலைக்குத் திரும்பிப்போன கதைகள் உலகம் முழுக்க உண்டு. அந்தத் தட்டுகளைத் தேடிப்பிடித்து, தூசி தட்டி, தொகுப்புகளாக வெளியிடுகிற கிறுக்கர்களும் உண்டு. அவர் தபாலில் வரவழைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு தொகுப்போடும் தடிமனாக ஆங்கிலப் புத்தகம் ஒன்று வரும். ஆங்கிலத்தில் அவருக்கு எழுத்துகள் எல்லாம் அத்துப்படி, எவ்வளவு பொடியாக இருந்தாலும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். அவை சேர்ந்து சொல்லாகும்போதுதான் சிக்கல். அதற்கு மகள் இருந்தாள்.

வீட்டில் பாட்டுக்கு இடமில்லை என்று மனைவி கல்யாணமான புதிதிலேயே தீர்த்துச் சொல்லிவிட்டாள். ஆகவே கடைதான் கதி. காலையிலிருந்து சாயங்காலம்வரை 'இது தெளிவா, அது தெளிவா' என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிற மனிதனுக்குப் பதிலாக ஒரு டிரம்பெட்டாவது ஏதாவது சொல்ல வேண்டாமா?

அந்த டிரம்பெட்டுக்குத்தான் ஆபத்து வந்தது. கடை இருந்தது மனைவியின் அண்ணனுடைய கட்டடத்தில். அவர் எடைக்கல்லுக்கும் தராசுக்கும் முத்திரை குத்தும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் பார்வை போகவில்லை. விருந்துக்குப் போன வீட்டில் கரண்டியைக் கையில் வாங்கினால் எடை பார்ப்பார். அவர் போனில் கூப்பிட்டார்.

"மாப்ளே, மாடியிலேருந்து பல் டாக்டர் பேசினார்."

"சொல்லுங்க மச்சான்."

"பல்லைப் பிடுங்க வர்றவங்க உங்க பாட்டைக் கேட்டுட்டுப் பாதிப் படியிலேயே திரும்பிடறாங்களாம்."

"பல்லுன்னாலே அப்படித்தான் மச்சான்."

"மேலே ஆளைக் கட்டிப்போட்டு என்னவோ பண்றாங்கன்னு நினைக்கறாங்களாம் மாப்ளே. வெள்ளிக்கிழமை காலையில நானே வந்து கேக்கறேன். சரியில்லைன்னா அந்தப் பாட்டுப் பெட்டி கடையில இருக்கக்கூடாது. உறவு வேற, கட்டடம் வேற."

மச்சான் இதுவரை எதையும் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று சொன்னதாகக் குடும்பத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

புதன்கிழமை ஒரு பார்சல் வந்தது. கடைசித் தொகுப்பாக இருக்கலாம் என்ற துக்கத்தோடு கடைக்காரர் பிரித்தார். உள்ளே அவருக்கு உயிரான பாட்டு இருந்தது. 'அக்காவுக்குக் காட்டாதே' கேசட்டில் அவர் தேயத்தேயக் கேட்ட அதே பாட்டு. ஒரு ஆர்கன் மெதுவாகத் தொடங்கி, போகப்போகத் தடம் புரண்டு, யார் வீட்டுக்குள்ளோ புகுந்து அடுப்படி வழியாக வெளியே வருவது மாதிரி இருக்கும். நடுவில் மூன்று முறை ஒரு புஸ், புஸ், புஸ். காப்பிக்குக் காப்பியாக எடுத்த கேசட்டில் அது குக்கர் ஆவி போலத்தான் கேட்டது. ஏதோ அபூர்வமான மின் கருவி என்று அவர் மகளுக்கு விளக்கியும் இருந்தார். இப்போது மூல நாடாவிலிருந்து சுத்தம் செய்திருந்தார்கள்.

பாட்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்தார். கணக்குப் பார்க்க வந்த மனைவி கண்ணாடி பிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புஸ் வரும் இடம் வந்து போயிற்று. துணியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, அதைத் திருப்பிப் போடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் எந்தப் பாட்டையும் திருப்பிப் போடச் சொன்னதில்லை. நிறுத்தச் சொன்னதற்குக் கணக்கில்லை. கடைக்காரர் துள்ளி எழுந்தார். திருப்பிப் போட்டார்.

"இது எங்க அண்ணன்" என்றாள்.

"எது?"

"தும்மறது."

"தும்மறதா? அது ஒரு கருவிம்மா."

"கருவியாம். எங்க அப்பாவுக்கு இதே தும்மல். பெரியப்பாவுக்கும் இதேதான். முதல்ல சின்னதா ஒண்ணு வரும். அடுத்தது அதுக்குப் பதில் சொல்ற மாதிரி வரும். கடைசியில 'ஹாஆ'ன்னு ஒரு இழுவை. எங்க வீட்டுத் தும்மல் எனக்குத் தெரியாதா?"

"உங்க அண்ணனுக்கு ஆர்கன் வாசிக்கத் தெரியுமா?"

"அவருக்குச் சிரிக்கவே தெரியாது. ஆனா..." அவள் யோசித்தாள். "முதல் வேலைக்கு வெளியூர் போனாரே, அப்ப சாயங்காலம் சாயங்காலம் டைப்ரைட்டிங் கிளாஸ் போறேன்னு சொல்லிட்டிருந்தார்."

"இன்னிக்கு வரைக்கும் ஒத்தை விரல்லதானே தட்டறார்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மகள் அன்று மாலை புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். டிரம்பெட், டிரம்ஸ், கிடார் எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. ஆர்கனுக்கு எதிரே 'வாசித்தவர் தெரியவில்லை' என்று மட்டும் போட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மச்சான் வந்தார். செருப்பை வாசலில் ஜோடி பிசகாமல் விட்டார். ஸ்பீக்கரைக் குனிந்து பார்த்தார், கம்பியை இழுத்துப் பார்த்தார், மேலே விரலை ஓட்டித் தூசியைத் தங்கைக்குக் காட்டினார்.

"சரி, போடுங்க மாப்ளே. வழக்கமா எந்தச் சத்தம் வைப்பீங்களோ அதே சத்தம். எனக்காகக் குறைக்க வேண்டாம்."

கடைக்காரர் கேசட்டுகளின் மேல் கையை ஓட்டினார். இருப்பதிலேயே சாதுவானதாக ஒன்றைப் போட்டுத் தப்பிக்கலாம் என்பது அவர் எண்ணம்.

"புதுசு வந்ததே, அதைப் போடுங்க" என்றாள் மனைவி. மகள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

ஆர்கன் தொடங்கியது. மச்சான் எடை பார்க்கும்போது நிற்கிற மாதிரியே தலையைச் சற்றுச் சாய்த்து நின்றார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் வெளுத்தது. ஆனால் கண்ணாடி மேசைமேல் வைத்திருந்த கை, அவரைக் கேட்காமல் தன்பாட்டுக்கு நகர ஆரம்பித்தது. ஐந்து விரலும் நகர்ந்தன. அதைத் தானே பார்த்துவிட்டு, திருடனைப் பிடித்த மாதிரி கையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த இடம் நெருங்கியது.

"போதும் மாப்ளே, நிறுத்துங்க. கேட்டாச்சு." வாசலைப் பார்த்து நடந்தார்.

தங்கை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். "ஏன் அண்ணே, தும்மல் வருதா?"

"எந்தத் தும்மல்?"

மூன்றும் வந்தன. கடை முழுக்க நிறைந்தன. அதன்மேல் டிரம்ஸ் ஒன்றும் நடக்காதது போலப் போய்க்கொண்டிருந்தது. மச்சான் செருப்புக்குள் பாதி நுழைத்த காலோடு நின்றார்.

"தூசி" என்றார் கடைசியில். "ரெக்கார்டிங் ரூம்ல சுவர் முழுக்கப் பழைய கம்பளத்தைத் தொங்கவிட்டிருந்தான் பாவி. எதிரொலிக்கக் கூடாதாம். எனக்கு உள்ளே போனதுமே மூக்கு சரியில்லை."

"அப்ப டைப்ரைட்டிங்?"

"அதுவும் கட்டையைத் தட்டறதுதானே?" என்றார். அந்தக் குடும்பத்தில் அவர் சொன்ன முதல் நகைச்சுவை அது. யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். ஓட்டல் ஒன்றில் சாப்பிட வருகிறவர்களுக்கு வாசிக்கிற குழு. இவர் போய்ச் சேர்ந்தது ஆர்கன்காரன் ஓடிப்போனதால். இசைத்தட்டு போட ஒரு ஆள் கிடைத்தான். மிச்சமிருந்தது ஒரு பாட்டுக்கான நாடாதான், தும்மல் விழுந்தும் திரும்ப எடுக்க வழியில்லை. பதிவு முடிந்ததும் டிரம்பெட்காரன் கருவியைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சொன்னான்: 'அட்டையில உன் பேர் வராது. தும்மலுக்கெல்லாம் பேர் போட முடியாது.' தட்டு விற்கவில்லை. குழு கலைந்தது. அவ்வளவு நல்ல பாட்டைத் தன் மூக்கு கெடுத்துவிட்டது என்று அவர் ஊரை மாற்றிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு எதையும், யாரையும், ஒரு குண்டுமணி பிசகவிடவில்லை.

"நான் கெடுத்த பாட்டை நீங்க ஏன் மாப்ளே காசு குடுத்து வாங்கறீங்க?"

மகள் புத்தகத்தைத் திறந்தாள்.

"பெரிய மாமா, இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்றேன். 'பாட்டின் நடுவே வரும் மூன்று தும்மல்கள் இந்தத் தொகுப்பின் உச்சம். மனித மூக்கையே தாளக் கருவியாக்கிய இந்தத் துணிச்சலுக்குப் பிறகு ஜாஸ் பழையபடி மூச்சுவிடவில்லை.'"

மச்சான் புத்தகத்தின் பக்கம் குனிந்தார்.

"துணிச்சல்னா போட்டிருக்கு?"

"ஆமா மாமா."

"உச்சம்னு?"

"ஆமா."

"இன்னொரு தரம் படி. மெதுவா."

மெதுவாகப் படித்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. கடைக்காரர் கவனித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இவங்களுக்கு எழுதினா அடுத்த பதிப்புல உங்க பேரைப் போடுவாங்க மாமா" என்றாள் மகள். போனை எடுத்துவிட்டாள். "தும்மலைப் பத்தியும் சொல்லணும். திட்டம் போட்டுப் பண்ணதுன்னு எழுதவா, தற்செயல்னு எழுதவா?"

கடையில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தராசுத்தட்டுக்கு அடியில் ஒரு பாக்கை ஒட்டி வியாபாரி ஏமாற்றினாலும் கண்டுபிடித்துக் கேஸ் போட்டவர் அவர். புகழ் ஒரு பக்கம் இருந்தது, தராசு முள் ஒரு பக்கம் இருந்தது. நெற்றியைத் தேய்த்தார். எழுந்தார். கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். எழுத்து அட்டையின் முன் நின்று கடைசி வரியைப் படிப்பவர் போலக் கண்ணைச் சுருக்கினார்.

"எழுதிக்கோ" என்றார். "முதல் ரெண்டும் தற்செயல்."

"மூணாவது?"

"அதுக்குள்ள பாட்டு எப்படியும் போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. தாளம் எங்கே விழப்போகுதுன்னும் தெரிஞ்சது. மூணாவது நானாப் போட்டது." திரும்பிப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டார்: "இழுவையோட."

மகள் ஆங்கிலத்தில் தட்ட ஆரம்பித்தாள். 'இழுவை'க்குச் சொல் கிடைக்காமல் கொஞ்ச நேரம் போராடினாள்.

கடைக்காரருக்குத் தன் கவலை ஞாபகம் வந்தது. "மச்சான், அப்ப பெட்டி விஷயம்..."

மச்சானுக்கு உடனே பழைய முகம் வந்துவிட்டது. "இது வேற, அது வேற. புகார்னு ஒண்ணு வந்தா இடத்துல போய் நின்னு பாக்கணும். நான் மாடிக்குப் போய் டாக்டர் ரூம்ல உக்காந்துக்கறேன். நீங்க ஆரம்பத்துலேருந்து போடுங்க."

படியேறும் சத்தம் கேட்டது. மேலே கதவு திறந்தது, நாற்காலி இழுபட்டது. கடைக்காரர் பாட்டைப் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். மனைவியும் பார்த்தாள். ஆர்கன் தடம் புரண்டது, வீட்டுக்குள் புகுந்தது, அடுப்படி வழியாக வெளியே வந்தது. தும்மல்கள் வந்துபோயின. பாட்டு முடிந்தது.

மாடிப்படியின் மேலிருந்து மச்சானின் குரல் வந்தது.

"மாப்ளே, இங்கே ஒண்ணும் சரியாக் கேக்கலை. கொஞ்சம் சத்தத்தைக் கூட்டி இன்னொரு தரம் போடுங்க."

டாக்டரும் என்னவோ சொன்னார். அது கீழே கேட்கவில்லை.