படப்பை மனைக்காக நானே வாதாடிய நாள்

விவாகரத்து வழக்கில் படப்பை மனையைப் பற்றிய விசாரணைக்கு நான் தனியாகத்தான் போனேன். வக்கீல் வைக்க எனக்கு வசதியில்லை. மனை என் கணவர் பேரில் இருந்தது. முழுப் பணமும் அவர் சம்பாதித்துக் கட்டியது என்று அவருடைய வக்கீல் சொல்லி முடித்தார்.

"நீங்க அவரைக் கேள்வி கேக்கலாம்மா," என்றார் நீதிபதி.

மூன்று பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். ஆனால் கூண்டில் நின்றவரை அந்த இடத்தில் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. ஒன்பது வருஷப் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"ஏங்க, அந்த மனைக்கு அட்வான்ஸ் குடுக்க நான் என் கம்பெனி பி.எஃப். பணத்தை எடுத்தேனா, இல்லியா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். வக்கீல் மறுத்துப் பேச எழுந்தார். நீதிபதி அவரை உட்காரச் சொன்னார்.

என் கணவர் நீதிபதி பக்கம் திரும்பினார். "எடுத்தா ஐயா. அந்த மனையில பாதி அவ துட்டுதான்," என்றார்.

நீதிபதி எழுதிக்கொண்டார். மீதிக் கேள்விகளை நான் கேட்கவேயில்லை.

வெளியே வராந்தாவில் வக்கீல் அவரைக் கடிந்துகொண்டிருந்தார். "இன்னா சார், இப்டி சொல்லிட்டீங்க?"

"நெஜத்ததானே சொன்னேன்," என்றார் அவர்.

அடுத்த மாதம் மனையில் எனக்குப் பாதி என்று தீர்ப்பானது. சேர்ந்து வாழ முடியாதவர்தான். இருந்தாலும் அவரைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால், அந்த நாளை நான் சொல்லாமல் விடுவதில்லை.