வைஷாலியின் காதுகுத்துப் படம்

மைசூரில் வீடு வீடாக வயரிங் வேலை செய்யும் ஜடையனுக்கு அந்த வருஷம் முழுக்க ஒரே கவலை. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன அக்கா அஞ்சலைக்கு அவள் மகளைக் காட்ட வேண்டும். கைக்குழந்தையாக விட்டுப்போன வைஷாலிக்கு இப்போது நாலு வயது. போட்டோ அனுப்பினால் அக்கா போனில், "பொம்மையாட்டம் நிக்கறாளேடா, எப்படிச் சிரிப்பா?" என்று கேட்பாள். அதை வாயால் எப்படிச் சொல்வது?

காதுகுத்து வந்தது. ஜடையன் வேலை செய்த வீட்டுக்காரர் சித்தையன் தன் வீடியோ கேமராவையும் ஒரு கேசட்டையும் இரவல் தந்தார். விசேஷம் முடிந்ததும் இரண்டும் திரும்பி வர வேண்டும் என்பது பேச்சு. அக்ரஹாரம் பகுதியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் சந்துரு படம் பிடித்தான்.

ஊசி இறங்கும்போது வைஷாலி தாய்மாமன் ஜடையனின் மடியில் உட்கார்ந்து, அவன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஊரைக் கூட்டினாள். அழுது ஓய்ந்ததும், மூக்கு ஒழுக ஒழுக, கேமரா பக்கம் காதைத் திருப்பி, "அம்மா, வலிக்கவேயில்ல" என்று பொய் சொல்லிச் சிரித்தாள். அக்கா கேட்ட சிரிப்பு அதுதான். கேசட்டில் விழுந்துவிட்டது.

அக்காவின் எஜமானி வீட்டில் கம்ப்யூட்டர் உண்டு. இன்டர்நெட்டில் ஏற்றினால் எஜமானியின் மகள் திறந்து காட்டுவாளாம். அதற்குப் படத்தை வெட்டிச் சுருக்க ஒரு சாஃப்ட்வேர் வேண்டும்.

"மூணு இருக்குண்ணா," என்றான் சந்துரு. "ஒண்ணு, கல்யாண வீடியோக்காரங்க வாங்கறது. சக்கத்தா, அருமையா இருக்கும். ஆனா வீட்ட அடகு வச்சாத்தான் ஆகும்."

"வாடகை வீட்ட எவன்டா அடகு எடுப்பான்?"

"அப்ப ட்ரையல். காசு பேடா, வேண்டாம். ஆனா நடுப்படத்துல கம்பெனி பேரு வரும். பாப்பா மூஞ்சி மேலயே குந்திக்கும்."

"அது வேண்டாம். அப்புறம்?"

"கேசட்ட கம்ப்யூட்டர்ல ஏத்தற கார்டு வாங்கினப்ப கூடவே சும்மா குடுத்தது. பேரு கீரு வராது. சின்னப் படமா இருந்தா பளிச்சுன்னு செய்யும். நீளம் போச்சுன்னா மசமசன்னு ஆக்கிடும்."

ஜடையன் அந்த இலவசத்தைத்தான் பிடித்துக்கொண்டான். சிரிப்பை மட்டும் வெட்டினால் கால் நிமிஷம்கூட வராது. அன்றைக்கே அனுப்பியிருக்கலாம். ஆனால் அதை வீட்டில் போய்ச் சொன்னான்.

ஹனூரிலிருந்து சீர்த்தட்டோடு வந்திருந்த அத்தை வள்ளியாத்தாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏன்டா, தட்டு தூக்கி வந்தவ மூஞ்சிய வெட்டிப்போட்டு உன்ற மடிய மட்டும் காட்டப்போறயா? நாளைக்கு இவ பெரிய மனுசி ஆனா சீரோட எவ வருவா?"

"படத்துல எடம் இல்லீங்க அத்தை."

"இருக்கற எடத்துல நெருக்கி உக்காந்துக்கறோம். பஸ்ல வரலியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜடையனால் சிரிக்க முடியவில்லை. சீர் கொண்டுவந்தவரைப் படத்திலிருந்து வெட்டினால் வீட்டுக்கே வராதே என்று சொன்னதற்குச் சமம். தாய் கடல் தாண்டி இருக்கும் பிள்ளைக்கு நாளை இவர்களை விட்டால் யார்? அவன் ஒருவரையும் வெட்டவில்லை. தட்டு தூக்கிய அத்தனை பேரும் வரிசையாக வந்தார்கள். இடம் போதாமல் சந்துரு படத்தைச் சுருக்கினான். மறுபடியும் சுருக்கினான். கடைசியில் குரலையும் நீக்கினான்.

"தபால் தலை அளவு ஆயிடுச்சுண்ணா. பேடா."

"பரவால்ல, அனுப்புடா."

லைன் அறுந்து அறுந்து ஒருவழியாக ஏறியது. சொன்ன சொல் தவறாமல் ஜடையன் கேமராவையும் கேசட்டையும் சித்தையனிடம் சேர்த்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை தெருமுனை டெலிபோன் பூத்துக்கு அக்கா பேசினாள். "வந்துச்சுடா தம்பி. ஆனா எல்லாம் எறும்பு ஊர்றாப்புல இருக்குது. எம்புள்ள எதுடா? அந்தச் செவப்பா அசையுதே, அதா?"

வைஷாலி கட்டியிருந்தது மஞ்சள் பாவாடை. சிவப்பு, வள்ளியாத்தாள் சீர்த்தட்டை மூடியிருந்த பட்டுத்துணி.

"இருக்கா. மூஞ்சிய மட்டும் பெருசா அனுப்பறேன்."

பூத்திலிருந்து நேரே சித்தையன் வீட்டுக்கு ஓடினான். காதுகுத்து அழிந்து, அந்தக் கேசட்டில் அவர் மகளின் நிச்சயதார்த்தம் ஓடியது. "வேலை முடிஞ்சுதுன்னு நீதானேப்பா குடுத்தே?" என்று அவர் கன்னடத்தில் வருத்தப்பட்டார். அங்கிருந்து சந்துருவிடம் போனான். கம்ப்யூட்டரில் இடமில்லை என்று அவன் எல்லாவற்றையும் எப்போதோ அழித்திருந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை வைஷாலியையும் கூட்டிக்கொண்டு பூத்துக்குப் போனான். கேசட் போனதை எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் யோசித்தான். அக்காவே முந்திக்கொண்டாள்.

"வேற அனுப்ப வேண்டாம்டா, உனக்கு எதுக்குச் செரமம். எஜமானியம்மா பொண்ணு தெனமும் போட்டுக் காட்டுது. அந்தச் செவப்பு கொஞ்சம் ஆடுதில்ல, அப்பத்தான் எம்புள்ள சிரிக்கறா போலன்னு நெனச்சுக்கறேன். சரிதானே?"

"சரிதாங்க்கா."

வைஷாலி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, நான் சிரிச்சத அம்மா பாத்துச்சா?"

"பாத்துச்சு," என்று சொல்லி, ரிசீவரை அவள் காதில் வைத்தான்.