ஒருசந்தியைச் சொல்லிவிட்டேன்

என் கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். மலை போன்ற கப்பலை இழுத்து வந்தவருக்கு, போன தவக்காலத்தின் கடைசியில் வீட்டு வாசற்படி ஏற முடியவில்லை. கால் தள்ளாடியது, கண்மணி நிலையில்லாமல் ஆடியது. என்னைப் பார்த்து, "ஏளா, கொழும்புல இருந்து எப்ப வந்த?" என்றார். நான் மதுரையையே தாண்டாதவள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். இவரே முந்திக்கொண்டார். "காலைல பொரிச்ச பரோட்டா. மத்தியானம் நண்டுக் குழம்பு. ராத்திரி சீலா மீன் வறுவல்."

அத்தனையும் கற்பனை. தவக்காலத்து ஒருசந்தி நோன்பு என்றால் ஊரில் எல்லோரும் பகலில் ஒரு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிடுவார்கள். இவரோ நாற்பது நாளும் வெள்ளரிசிக் கஞ்சித்தண்ணீரும் பால் விடாத டீயுமாகவே ஓட்டினார். ஏதோ நேர்ச்சை. எதற்கென்று எனக்கும் சொல்லவில்லை. நேர்ந்ததை வெளியே சொன்னால் பலிக்காது என்பது எங்கள் வீட்டில் சட்டம். அதனால் நானும், "ஆமா சார், நல்லாச் சாப்பிடுவாவ" என்று தலையாட்டினேன். நான் வைக்கும் நண்டுக் குழம்பைச் சொன்னாரே என்ற பெருமை வேறு.

ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ப்ரியான் நோய் மாதிரி தெரியுதும்மா. மூளை கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சுட்டே போகும். மருந்து கிடையாது. சில மாசம்தான்."

எனக்கு ஆண்டவர்மேல் பொல்லாத கோபம் வந்தது. "நாப்பது நாளு கஞ்சித்தண்ணி குடிச்சுக் கெடந்த மனுசனுக்கு இதுதான் கூலியா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

பதில் சொன்னவர் டாக்டர்தான். "என்ன கஞ்சித்தண்ணி?"

எல்லாவற்றையும் கொட்டினேன். உடனே வைட்டமின் பி1 ஊசி ஏறியது. அந்தச் சத்து வற்றிப்போனாலும் மூளை இப்படித் தடுமாறுமாம், சாப்பிடாததைச் சாப்பிட்டதாகவும் சொல்லவைக்குமாம். என்னைத் திட்டாமல்தான் விளக்கினார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இரண்டு நாளில் கண் நிலைத்தது. நாலாம் நாள் காப்பியில் சீனி இல்லையென்று என்னைத் திட்டினார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

"ஒருசந்தியச் சொல்லிட்டியாளா?" என்றார்.

"சொல்லிட்டேன்."

"போச்சு. ஒன் முட்டுவலி போகணும்னுல்லா நேர்ந்தேன்."

கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

முட்டுவலி போகவில்லை. அவருக்கும் கால் இன்னும் லேசாகத் தள்ளாடுகிறது. கோயில் படியில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறுகிறோம். இந்தத் தவக்காலம் தொடங்கிய வாரம், மெதுவாக வந்து, "ஏளா, கொஞ்சம் கஞ்சி வையி" என்றார். முட்டு வலித்தால் வலிக்கட்டும் என்று நண்டுக் குழம்பு வைத்தேன்.