கடைக்குள் சாராயம் கொடுத்த சனிக்கிழமை

வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் குடித்தறியாத நான்தான் எங்கள் கடையில் சாராயத்துக்குப் பொறுப்பு. லைசென்ஸ் பரீட்சையில் என் மனுசன் கோட்டை விட்டார், நான் பாஸ் பண்ணினேன், லைசென்ஸ் என் பெயரில் வந்தது. அன்றிலிருந்து கிழக்கு லண்டனில், செவன் கிங்ஸில் இருக்கிற எங்கள் பலசரக்குக் கடைக்கு வருகிற ஆண்கள் பலர், என் முகத்தைப் பார்க்காமல் மிளகாய்த்தூளைப் பார்த்துக்கொண்டே போத்தல் கேட்பார்கள். எனக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

போத்தலை விற்று வீட்டுக்கு அனுப்பத்தான் அந்த லைசென்ஸ். கடைக்குள் வைத்துக் குடிக்கக் கொடுக்க அதில் இடமில்லை. போன வருடம் புதிதாக ஒரு தென்னஞ்சாராயம் இறக்குமதி செய்தவர்கள், ஒரு சனிக்கிழமை வாடிக்கையாளர்களுக்கு இனாமாகச் சுவை காட்டலாம் என்று ஆசை காட்டினார்கள். அந்த ஒரு நாளுக்கென்று கவுன்சிலிடம் தனி அனுமதி எடுத்தோம். முந்தின வாரம் ஒரு பெண் அதிகாரி வந்து விதிகளைச் சொன்னாள்.

கோப்பை மருந்துப் போத்தல் மூடி அளவுதான் இருக்க வேண்டும். இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்போல் தெரிந்தால் அத்தாட்சி கேட்க வேண்டும். கடையில் வேலை செய்கிறவர்கள் வாயில் வைக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்த நான், கடைசி விதியில் ஆட்டத்தை நிறுத்தினேன். யாரையும் வற்புறுத்தக்கூடாதாம். ஒருமுறை கேட்கலாம், வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டுமாம்.

நான் அவளுக்கு விளங்கப்படுத்திப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் சொல்லுகிற முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாம், முதலாவதுக்குத் துணைக்கு. அதற்குப் பிறகும் கேட்டுக் கையில் திணித்தால்தான் குடிப்பார்கள். திணிக்காமல் விட்டால், கேட்கவேயில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக் குறைப்படுவார்கள். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்றாள். வற்புறுத்தியது தெரிந்தால் கடை லைசென்ஸையே மறுபடி பார்க்க வேண்டிவரும் என்றும் அதே சிரிப்போடு சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பழகினேன். மனுசனிடம் தேத்தண்ணி வேண்டுமா என்று ஒருதரம் கேட்டேன். வேண்டாம் என்றார். கேத்திலை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மனுசன் இரவுச் சாப்பாடு வரைக்கும் முகத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு அனுமதிக்காகவும் காத்திருந்தோம். எங்கள் மகளும் லண்டனின் மறுகோடியில், ஹரோவில் இருக்கிற ஒரு பெடியனும் விரும்பியிருந்தார்கள். பெடியனின் தாய்க்குச் சம்மதம். தகப்பன் கணக்காளர், யோசித்துச் சொல்லுவதாகச் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தார். பாரிஸில் சாப்பாட்டுக்கடைகளில் கோப்பை கழுவி, லண்டனில் வந்து கடை போட்ட எங்களைப் பற்றி என்ன நினைக்கிறாரோ என்பதுதான் என் கவலை. போன் அடிக்கும்போதெல்லாம் மகள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சனிக்கிழமை வந்தது. அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, சாராயம், இஞ்சிச் சோடா, கடலை எல்லாம் பரப்பி வைத்தோம். அதிகாரி ஒரு மூலையில் நின்றாள். வருகிறவர்களிடம் ஒருதரம் கேட்டேன். வேண்டாம் தங்கச்சி என்றார்கள். சரி என்று போத்தலை வைத்தேன். அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பருப்புப் பக்கம் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அப்போதுதான் கடைக்குள் நுழைந்தவர்கள்போல மறுபடி மேசைக்கு வந்தார்கள். புதிதாய் வந்தவர்களாய்க் கணக்கெடுத்து நானும் புதிதாய் ஒருதரம் கேட்டேன். மறுபடி வேண்டாம் என்றார்கள், மறுபடி பருப்புக்குப் போனார்கள். மத்தியானத்துக்குள் கடைக்குள் ஒரு தேர் வீதிவலம் வருவதுபோல் இருந்தது. சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு பெடியனின் தகப்பன் வந்தார். சும்மா இந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னார். ஹரோவிலிருந்து செவன் கிங்ஸுக்குச் சும்மா வருகிறவர் உலகத்தில் இல்லை. எங்களை எடைபோடத்தான் வந்திருக்கிறார் என்று விளங்கியது. என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

கொஞ்சம் சுவை பார்க்கிறீர்களா என்று கேட்டேன்.

"சீச்சீ, வேண்டாம்" என்றார்.

அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனிக் கேட்டால் கடை போச்சு. கேட்காவிட்டால் மகளின் கலியாணம் போச்சு. கை தானாகப் போத்தல் பக்கம் போனது, அதை இழுத்து எடுத்துச் சரி அண்ணை என்றேன். எங்கள் வாசலுக்கு முதன்முதலாய் வந்த மனிதரை, ஒரு கோப்பைக்கு ஒருதரம் கேட்டதோடு விட்டுவிட்டேன். பின்னால் நின்ற என் மனுசன் தலையில் கை வைத்தது எனக்குத் தெரியும். பெடியனின் தகப்பன் அரிசி மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் போனார். எனக்கு அழுகை வந்தது.

அதிகாரி அந்த நேரம் பார்த்து என்னிடம் வந்து, கடைக்கே கேட்கும்படி என்னைப் பாராட்டினாள். சொன்னபடியே ஒருமுறை மட்டும் கேட்டீர்கள், கொடுக்க விருப்பம் இருந்தும் வற்புறுத்தவில்லை, விதியை இவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றுகிறவர்கள் குறைவு என்றாள்.

அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு வழுக்கைத் தலை மெல்ல எழும்பியது. அவர் அதிகாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பருப்பைச் சுற்றிக்கொண்டிருந்த சனத்தைப் பார்த்தார். பிறகு நேரே மேசைக்கு வந்து, தன் வாயாலேயே கேட்டார்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்துங்கோ."

எங்கள் ஆட்கள் ஒரு வீட்டில் தாங்களாகக் கேட்டு வாங்கிக் குடிப்பதென்றால், அது சொந்த வீடாக இருக்க வேண்டும். எனக்கு மூளை கலங்கிவிட்டது. அதிகாரி வேறு பக்கத்தில் நிற்கிறாள், எந்த விதியும் தவறக்கூடாது. அறுபது தாண்டிய அந்த மனிதரிடம், வயதுக்கு அத்தாட்சி ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேவிட்டேன்.

அவர் பையிலிருந்து முதியோர் பஸ் பாஸை எடுத்து மேசையில் வைத்தார்.

"மாப்பிள்ளையின்ரை வயசைக் கேக்காமல் தேப்பன்ரை வயசைக் கேக்கிறியளே, சம்பந்தியம்மா."

மாப்பிள்ளை என்றார். சம்பந்தியம்மா என்றார். அளவு மூடியால் அளந்துதான் ஊற்றினேன், பாதி மேசையில் போனது. எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து பொங்கி, மூச்சு முட்ட, அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மனுசன் மகளுக்குப் போன் எடுக்க வெளியே ஓடினார்.

அதிகாரி என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், நீங்களும் கொஞ்சம் சுவை பார்த்தீர்களா என்று மெல்லக் கேட்டாள்.

ஒரு சொட்டும் தொடவில்லை என்றேன். அவள் நம்பவில்லை.